கையில் கார்டு, காட்டில் பிராணி: வாசகர் கேள்வி-பதில்

பிராணிகளைப் பிடித்துச் சேர்ப்பது, அவற்றைக் கார்டுகளாக இறக்கிச் சண்டையிடுவது, நடுவில் ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சந்திப்பது: இந்த மூன்றும் கலந்த வீடியோ கேம்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பழைய கேம் பாய் 'போக்கிமான் டிரேடிங் கார்டு கேம்' விளையாட்டை இப்போது நின்டெண்டோ ஸ்விட்சில் விளையாடுகிறேன். சார்மாண்டர் டெக்கில் (சண்டைக்கான கார்டுக் கட்டில்) தொடங்கினேன். பெட்டி நிறையக் கார்டு சேர்ந்துவிட்டது, சாரிசார்டும் இருக்கிறது. ஆனாலும் கிளப் மாஸ்டர்களிடம் அடிமேல் அடி. ஒன்று, அடிப்பதற்குத் தேவையான எனர்ஜி கார்டு வராது, இல்லையென்றால் எனர்ஜி மட்டும்தான் வரும். என்ன தப்பு செய்கிறேன்?
*கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்*

பதில்: பெட்டியில் உள்ளதையெல்லாம் டெக்கில் திணிக்கிறீர்கள். பெட்டி எவ்வளவு பெருத்தாலும் டெக் 60 கார்டுதான், எனர்ஜி தவிர, ஒரே பெயரில் 4 கார்டுக்கு மேல் வைக்க முடியாது. சேர்க்கும் ஆசை வேறு, சண்டைக்கு வேண்டியது வேறு. இந்த வகை விளையாட்டில் தோற்பவர்களில் பாதிப்பேர் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான்.

ஒரு பிராணி கார்டை ஒரு நகல் மட்டும் வைத்தால், முதலில் எடுக்கும் 7 கார்டில் அது வர 100-க்கு 12 வாய்ப்புகூட இல்லை. நாலு நகல் வைத்தால் 40. முப்பது வகையில் ஒவ்வொன்று வைப்பவருக்கு எந்த ஆட்டத்திலும் எதுவும் கூடிவராததற்குக் காரணம் இதுதான். அடிப்படைப் பிராணிகளின் (வேறொன்றிலிருந்து வளராமல் நேராக இறக்கக்கூடியவற்றின்) மொத்த எண்ணிக்கைக்கும் கணக்கு இருக்கிறது. கையில் ஒன்றுகூட வராமல் மறுபடி கலைக்க வேண்டிய நிலை, டெக்கில் 8 இருந்தால் 100-க்கு 35 தடவை வரும். 12 இருந்தால் 19, 16 இருந்தால் 10. பன்னிரண்டுக்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது சார்மாண்டர் வளர்ந்து ஆகும் சாரிசார்ட். 120 உயிர், 100 அடி என்று பார்த்தால் கண் கூசும். ஆனால் அந்த 'ஃபயர் ஸ்பின்' அடிக்கு 4 தீ எனர்ஜி வேண்டும். ஒரு முறைக்கு ஓர் எனர்ஜிதான் பொருத்த முடியும் என்பதால் நாலு முறை போய்விடும். அடித்ததும் 2 எனர்ஜியைக் கழற்றிப் போடவும் வேண்டும். அதற்குள் எதிரில் ஒரு ஹிட்மான்சான் வந்தால் என்ன ஆகும்? அது ஒரே ஒரு சண்டை எனர்ஜிக்கு 20 அடி அடிக்கும். உங்கள் சார்மாண்டருக்கு 50 உயிர், மூன்றாவது அடியில் சாய்ந்துவிடும். எதிராளி ஒரு 'பிளஸ்பவர்' சேர்த்தால் 10 கூடி, இரண்டாவது அடியிலேயே கதை முடிந்தது. சாரிசார்ட் வளர்ந்து வருவதற்குக் குஞ்சு பிழைத்திருக்க வேண்டுமே.

மாஸ்டர்களை வெல்ல, வளராத பிராணிகளை மட்டும் வைத்த டெக் ஒன்றைச் சொல்கிறோம். ஹிட்மான்சான் 4, எலெக்டபஸ் 4, சைதர் 4: மூன்றுக்கும் 70 உயிர். சண்டை எனர்ஜி 11, மின்னல் எனர்ஜி 11. சைதருக்கென்று புல் எனர்ஜி தேவையில்லை, அதன் 'ஸ்லாஷ்' எந்த மூன்று எனர்ஜியிலும் 30 அடிக்கும். பின்வாங்கச் செலவும் இல்லாததால், அடிபட்ட பிராணியை இழுத்துவிட்டு இடையில் நிறுத்த நல்ல ஆள். மீதி 26-ம் டிரெய்னர் கார்டு, அதாவது பிராணியோ எனர்ஜியோ அல்லாத உதவிக் கார்டு: பில் 4, புரொஃபசர் ஓக் 4, எனர்ஜி ரிமூவல் 4, பிளஸ்பவர் 4, கஸ்ட் ஆஃப் விண்ட் 4, ஸ்விட்ச் 2, போஷன் 2, கம்ப்யூட்டர் சர்ச் 2. அந்தக் காலத்து விதிப்படி ஒரு முறையில் எத்தனை டிரெய்னர் கார்டு வேண்டுமானாலும் போடலாம், ஆகவே 26 அதிகமில்லை.

போடும் வரிசையைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓக் போட்டால் கையிலிருப்பது முழுதும் குப்பைக்குப் போய் 7 புதுக் கார்டு வரும். அதனால் முதலில் 2 கார்டு எடுக்கத் தரும் பில், பிறகு எனர்ஜி பொருத்துவது, பின்வரிசையான பெஞ்சில் பிராணியை இறக்குவது, பிளஸ்பவர், எல்லாம் முடிந்தபின் கை மெலிந்த நிலையில் ஓக். டெக்கில் ஏழெட்டுக் கார்டுதான் மிச்சம் என்றால் ஓக்கைத் தொடாதீர்கள். கார்டு எடுக்க முடியாமல் போனாலும் தோல்விதான்.

சாரிசார்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆல்பத்தில் அழகாக இருக்கட்டும்.

கேள்வி: எனக்க மவன் எட்டாம் கிளாஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்தா போனும் கையுமாத்தான் இருக்கான். கேட்டா "சீட்டு வெளையாடுதேன்"னு சொல்லுதான். அவங்க அப்பா கடலுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள போன்ல உள்ள பைசா எல்லாம் போயிருமோன்னு பயமா இருக்கு. இது அந்த ரம்மி மாதிரியா?
*வாசகி, குளச்சல்*

பதில்: ரம்மி இல்லை அம்மா. பணம் கட்டி, ஜெயித்தால் பணம் வரும் என்று ஆடுவதுதான் பணச் சூதாட்டம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது அதைத்தான். உங்கள் மகன் ஆடுவதில் கார்டை ஜெயித்தால் கார்டுதான் வரும், காசு வராது.

அதற்காகக் காசு போகாது என்று அர்த்தமில்லை. இந்த ஆப்களில் 'பேக்' என்று மூடிய பொட்டலம் விற்பார்கள். உள்ளே என்ன கார்டு என்று வாங்கிப் பிரித்தால்தான் தெரியும். வேண்டிய கார்டு வராவிட்டால் இன்னொன்று வாங்கச் சொல்லும். திருவிழாக் கடையில் சீட்டுக் கிழிக்கிற மாதிரி. பெல்ஜியம் 2018-ல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது. ஆகவே உங்கள் பயம் அசட்டுப் பயமில்லை. ஆண்ட்ராய்டு போன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, 'செட்டிங்ஸ்' போங்கள். வாங்கும்போது சரிபார்ப்புக் கேட்பதற்கு ஓர் அமைப்பு இருக்கும் (போனுக்குப் போன் பெயர் சற்று மாறும்). அதில் ஒவ்வொரு முறையும் கேட்கவும், 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கவும், கேட்கவே வேண்டாம் என்று மூன்று வழி. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது வசதிபோலத் தெரியும், ஆனால் நீங்கள் ஒரு தடவை அனுமதித்தால் அடுத்த அரை மணிநேரம் கதவு திறந்தே கிடக்கும்.

இன்னொரு ஓட்டை விரல்ரேகை. போன் லாக்கைத் திறக்க மகனின் விரலையும் பதிந்து வைத்திருந்தீர்கள் என்றால், பணம் போகும்போதும் அதே விரல் செல்லுபடியாகும். ஒன்று அந்த விரலை நீக்குங்கள், இல்லையென்றால் வாங்குவதற்கு விரல்ரேகை வேண்டாம், கூகுள் பாஸ்வேர்டு மட்டும் என்று மாற்றுங்கள். அந்தப் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

வங்கிக் கார்டு, யுபிஐ என்றால் ஓடிபியோ பின்னோ கேட்கும், உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் கரைவது பிளே பேலன்ஸ், அதாவது கிஃப்ட் கோடு போட்டு ஏற்றிய தொகை. இதையே நீங்கள் உங்களுக்குச் சாதகமாக்கலாம். வேறெந்தப் பண வழியையும் இணைக்காமல், பண்டிகைக்கு ஒரு தொகைக்கு மட்டும் கோடு வாங்கிக் கொடுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது. பிளே ஸ்டோரில் மாத பட்ஜெட் போடும் இடமும் உண்டு. அது எச்சரிக்கை மட்டும்தான் செய்யும், தடுக்காது. தெரியாமல் ஏதாவது வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் திருப்பிக் கேட்டுவிடுங்கள், அதற்குமேல் விளையாட்டு நிறுவனத்திடம் போய் நிற்க வேண்டிவரும்.

கேள்வி: 'போக்கிமான் டிசிஜி பாக்கெட்'டில் மியூடூ இஎக்ஸ் கார்டுக்காக ஒரு மாதமாக மியூடூ பேக்கை மட்டுமே பிரிக்கிறேன். வரவில்லை. ராசி சரியில்லையா, இல்லை காசு கட்டாதவர்களுக்குக் கொடுக்க மாட்டார்களா?
*வாசகர், தக்கலை*

பதில்: ராசியும் இல்லை, சதியும் இல்லை. ஆப்பிலேயே வாய்ப்பு விகிதம் எழுதியிருக்கிறது. பேக்குகளின் விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரிலும் கூகுள் 2019-லும் விதி போட்டுவிட்டன. நீங்கள் பிரிக்கும் முதல் தொகுப்பான 'ஜெனடிக் ஏபெக்ஸ்' பேக்கில் 5 கார்டு. முதல் மூன்றும் வழக்கமாகச் சாதாரணக் கார்டு. மியூடூ போல நாலு வைரக் குறி போட்ட அரிதான இஎக்ஸ் கார்டுகளில் குறிப்பிட்ட ஒன்று நாலாவது இடத்தில் வர 0.333 சதவீதம், ஐந்தாவது இடத்தில் வர 1.332 சதவீதம். சேர்த்தால் ஒரு பேக்குக்கு 1.665 சதவீதம், அதாவது சராசரியாக 60 பேக்குக்கு ஒன்று.

12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நாளுக்கு 2 பேக் இலவசம், ஒரு மாதத்துக்கு 60. 60 பேக் பிரித்தால் கட்டாயம் ஒன்று வந்துவிடும் என்று நினைக்கிறீர்கள், தப்பு அங்கேதான். ஒவ்வொரு பேக்கும் முந்தியதை மறந்துவிடும். 60 பிரித்தும் கிடைக்காமல் இருப்பவர்கள் 100-க்கு 36 பேர். நீங்கள் அந்த 36-ல் ஒருவர்.

ஆனால் அடியில் வலை கட்டியிருக்கிறார்கள். ஒரு பேக்குக்கு 5 பேக் புள்ளி சேரும், 500 புள்ளி கொடுத்தால் நாலு வைரக் கார்டில் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். ஆக, 100 பேக், 50 நாள். நீங்கள் பாதிக்கு மேல் கடந்துவிட்டீர்கள். புள்ளி அந்தந்தத் தொகுப்புக்குள்ளேயே செல்லும், ஆகவே இப்போது கோபத்தில் வேறு தொகுப்புக்குத் தாவினால் கணக்கு முதலிலிருந்து. பேக் இரண்டுக்கு மேல் சேமிப்பில் தங்காது என்பதால் ஒரு நாளுக்கு மேல் ஆப்பைத் திறக்காமல் விட்டால் அதற்குப் பிறகு வரவேண்டியது நட்டம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

காசு கட்டினால் வேகம் கூடும், விகிதம் கூடாது.

கார்டு கையில் வந்ததும் இன்னொரு சங்கதி. இந்த விளையாட்டில் டெக் 20 கார்டுதான், ஒரே பெயரில் இரண்டு. தொடக்கக் கை 5 கார்டு. ஒரு நகல் வைத்தால் அதில் வர 25 சதவீதம், இரண்டு வைத்தால் 45 சதவீதம். பத்துக் கார்டு பார்ப்பதற்குள் ஒரு நகலுக்கு 50, இரண்டுக்கு 76. அதனால் ஒரு மியூடூ கிடைத்தவுடன் டெக்கை மாற்றாமல், இரண்டாவது வரும்வரை பொறுப்பதே மேல். தொடக்கக் கையில் அடிப்படைப் பிராணி ஒன்றாவது இருக்கும்படி ஆப்பே பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. டெக்கில் ஒரே ஒரு வகை அடிப்படைப் பிராணி மட்டும் வைத்தால், அதுதான் முதல் கையில் கட்டாயம் வரும். ஆனால் பெஞ்சு காலியாக இருக்கும்போது முன்னால் நிற்பது விழுந்தால் ஆட்டமே முடிந்துவிடும். துணிச்சல்காரர்களுக்கான வழி அது.

கேள்வி: பாக்கெட்டில் தீ, தண்ணீர் இரண்டு எனர்ஜியும் கலந்து டெக் போட்டால் நல்லதுதானே? எங்கள் ரப்பர் எஸ்டேட் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
*வாசகர், குலசேகரம்*

பதில்: நல்லதில்லை. எனர்ஜி டெக்கிலிருந்து வருவதில்லை, பதிவு செய்த வகைகளிலிருந்து ஆப் குலுக்கிப் போடுகிறது. இரண்டு தீ எனர்ஜி கேட்கும் அடி, ஒரே வகை பதிந்தால் இரண்டாவது எனர்ஜியில் தயார். இரண்டு வகை பதிந்தால் அப்படித் தயாராக நாலில் ஒரு வாய்ப்பு, மூன்றாவது எனர்ஜி வந்தும் பாதிக்குப் பாதிதான். மூன்று வகை பதிந்தால் ஒன்பதில் ஒன்று. எந்த எனர்ஜியும் ஏற்கும் அடி கொண்ட பிராணியை இரண்டாவதாகச் சேர்த்து, பதிவில் ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னலுக்கு மாயம் ஒன்றும் இல்லை. பாக்கெட் ஆப்புக்கு இணையம் இல்லாமல் கணினியுடன்கூட ஆட முடியாது. ஆட்களோடு மோதும் ஆட்டத்தை எஸ்டேட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சிக்னல் தேடும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பேக் பிரிக்க மட்டும் ஒரு நிமிடச் சிக்னல் போதும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தமிழில் இப்படி ஒரு விளையாட்டை கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்கிறோம். மூன்று சிக்கல். ஒன்று, கார்டு கலைத்தால் சில கார்டுகள் அடிக்கடி மேலே வருவதுபோல் இருக்கிறது. இரண்டு, பிராணி பிடிக்கும் கார்டைப் (பிடிபடும் வாய்ப்பு 30 சதவீதம்) போட்டால் ஆட்டம் சவசவ என்று இழுக்கிறது. மூன்று, தமிழ் எழுத்து உடைகிறது.
*பொறியியல் மாணவிகள், நாகர்கோவில்*

பதில்: கலைப்பதிலிருந்து வருவோம். ஒவ்வொரு கார்டையும் 'ஏதோ ஓர் இடத்தில் உள்ள கார்டோடு' மாற்றுவதாக எழுதியிருப்பீர்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். மூன்றே கார்டை வைத்துப் பாருங்கள்: மூன்று தடவை மூன்று மூன்று தேர்வு, மொத்தம் 27 பாதைகள். மூன்று கார்டை அடுக்கும் விதமோ 6. 27-ஐ 6-ஆல் மீதியின்றி வகுக்க முடியாது. ஆகவே சில அடுக்குகள் 27-க்கு 5 தடவை, சில 4 தடவை. உங்கள் கண் ஏமாறவில்லை. திருத்தம் ஒரே வரி: கடைசிக் கார்டிலிருந்து தொடங்கி, அதை 'தொடக்கம் முதல் அந்த இடம் வரைக்குள்' உள்ள ஒன்றோடு மட்டும் மாற்றிக்கொண்டு முன்னோக்கி வாருங்கள். ஃபிஷர்-யேட்ஸ் முறை என்பது இதுதான்.

கோடோவின் வரிசைப் பட்டியலில் உள்ள 'ஷஃபிள்' கட்டளை சரியாகவே கலைக்கும், பிறகு ஏன் கையால் எழுதுவது என்று கேட்பீர்கள். அந்தக் கட்டளை பொது எண்குலுக்கியைப் பயன்படுத்துகிறது, நீங்கள் உருவாக்கிய தனிக் குலுக்கியை அல்ல. ஆட்டத்தைச் சேமித்து மறுபடி திறந்தால் அதே வரிசையில் கார்டு வரவேண்டும் என்றால் தனிக் குலுக்கி வேண்டும். அதன் 'சீட்' (தொடக்க எண்) மட்டுமல்ல, 'ஸ்டேட்' (இப்போது நிற்கும் நிலை) மதிப்பையும் சேமிக்க வேண்டும். சீட்டை மட்டும் சேமித்தால் திறக்கும்போது முதல் கார்டிலிருந்தே மறுபடி தொடங்கும். ஆட்டக்காரர்கள் மூடித் திறந்து மூடித் திறந்து நல்ல கார்டைத் தேடுவார்கள். கலைப்பதற்கு ஒன்று, பிராணி பிடிபடுவதற்கு ஒன்று என்று இரண்டு குலுக்கிகள் வைப்பது இன்னும் நல்லது. ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதைக் கலைக்காது.

இரண்டாவதுதான் உங்கள் விளையாட்டின் உயிர். பிடிக்கும் வாய்ப்பு 30 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து தடவை தொடர்ந்து தவறும் வாய்ப்பு 17 சதவீதம், ஆறு பேரில் ஒருவர் கடுப்பில் போனைத் தூக்கி வைத்துவிடுவார். ஒவ்வொரு தவறலுக்கும் 10 கூட்டுங்கள்: 30, 40, 50, 60, 70. அப்போது ஐந்தும் தவறும் வாய்ப்பு இரண்டரைக்கு இறங்கும். வாய்ப்பு கூடுவதைத் திரையில் காட்டுங்கள். காட்டாத கருணைக்கு நன்றி கிடைக்காது.

இழுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. பிடிக்கும் கார்டு டெக்குக்குள் இருந்தால், பிராணி துடிப்போடு இருக்கும்போது அது கையில் வந்து சும்மா கிடக்கும். பிராணி தளர்ந்து நிற்கும்போது டெக்கின் அடியில் கிடக்கும். பிடிப்பதை டெக்கிலிருந்து வெளியே எடுங்கள். எதிரியின் உயிர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் பொத்தானாக எழும்பட்டும்.

பிடித்தபின் வரும் சிக்கல் இதைவிடப் பெரிது. பிடித்த பிராணியெல்லாம் டெக்கில் கார்டாகச் சேர்ந்தால், நன்றாகச் சேர்ப்பவருடைய டெக் தடித்துக்கொண்டே போய், பிடிக்கப் பிடிக்கத் தோற்பார். மார்த்தாண்டம் வாசகருக்குச் சொன்ன அதே நோய், இங்கே நீங்களே உண்டாக்குகிறீர்கள். எங்கள் யோசனை: பிராணி ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 4 கார்டு. அணியில் மூன்று பிராணி, ஆக 12. ஆட்டக்காரருக்கென்று 8. மொத்தம் எப்போதும் 20. பிராணியை மாற்றினால் அதன் நாலும் வெளியே போய் புதிதின் நாலும் உள்ளே வரும். சேர்க்கிறவர் சேர்த்துக்கொண்டே இருக்கலாம், டெக் கெடாது.

மூன்றாவது தமிழ். கோடோ 3-ல் செய்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அதற்குத் தமிழ்போன்ற எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியாது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது, மாறிவிடுங்கள். கூடவே நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி இலவச எழுத்துரு ஒன்றைக் கோப்பாகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் கணினியில் எழுத்துரு சேர்க்காமலே தமிழ் தெரியும், ஏனென்றால் கணினியில் உள்ளதை அது கடன் வாங்கும். பிரௌசருக்கு ஏற்றுமதி செய்தால் அந்தக் கடன் கிடைக்காது, வெறும் கட்டம் கட்டமாக வரும்.

வசனம் எழுத்தெழுத்தாகத் தோன்றும்படி வைத்திருந்தால் 'க' முதலில் வந்து அப்புறம் 'கொ' ஆக மாறித் துள்ளும். லேபிலில் எழுத்துகளை வெளிப்படுத்தும் முறை என்று ஓர் அமைப்பு உண்டு. அதை வடிவமைத்தபின் எண்ணும்படி மாற்றுங்கள். பிராணிக்குப் பெயர் வைக்கும் பெட்டியில் 10 என்று வரம்பு போட்டிருந்தால் 'பேச்சிப்பாறை' உள்ளே போகாது. நமக்கு அது 6 எழுத்து, யூனிகோடுக்கு 12. இன்னொன்று: 'ொ' ஒரே குறியாகவும் இருக்கலாம், 'ெ' 'ா' என்று இரண்டாகவும் இருக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் இரண்டாவது விதம் வரும். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் கார்டுப் பெயரைத் தேடினால் அகப்படாது. தரவை ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே விதமாக்கிவிடுங்கள்.

கேள்வி: மாணவர்களுக்காகக் காகிதத்தில் வெட்டி ஆடும் பிராணிக் கார்டு ஒன்று வடிவமைக்கிறேன். தீ, தண்ணீர் என்பதற்குப் பதில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு வகை. நம் மாவட்டத்தில் நாலும் இருக்கின்றனவே! யார் யாரை வெல்வது என்று சமமாக அமைக்க முடியவில்லை.
*ஆசிரியர், பூதப்பாண்டி*

பதில்: நல்ல யோசனை, ஆனால் நாலில் அது அமையாது. ஒவ்வொரு வகைக்கும் எதிரே மூன்று வகை. மூன்று ஒற்றை எண் என்பதால் வெற்றியும் தோல்வியும் சரிபாதியாகப் பிரியாது. இரண்டு வழி இருக்கிறது. வட்டமாக ஒன்று அடுத்ததை வெல்லட்டும், எதிரெதிரே உள்ளவை சமம் என்று விடுங்கள். இல்லையென்றால் நம் ஊரில் இல்லாத பாலையை விருந்தாளியாகச் சேருங்கள். ஐந்தானால் ஒவ்வொன்றும் இரண்டை வெல்லும், இரண்டிடம் தோற்கும், கச்சிதம். பாலைப் பிராணிகளை அரிதான கார்டாக வைத்தால் பிள்ளைகள் அதற்காகவே சண்டை போடுவார்கள்.

மருதத்துக்குப் பிராணி தேட வெகுதூரம் போக வேண்டாம். சுசீந்திரம்-தேரூர் நீர்நிலை 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது, கூழைக்கடாவும் நாரையும் அங்கே உண்டு. குறிஞ்சிக்குக் கருமந்தி, மலையணில். நெய்தலுக்குத் திருக்கை, கணவாய், ஆமை. ரப்பர் தோட்டத்தை எந்தத் திணையில் போடுவது என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்லும் வகைக்கு எவ்வளவு கூடுதல் அடி? இரட்டிப்பு வேண்டாம். கார்டு எடுக்கும் முன்பே ஆட்டம் முடிந்துவிடும். 10 கூட்டினால் போதும், ஆனால் உயிர் எண்ணைப் பார்த்து வையுங்கள். 60 உயிருள்ள பிராணியை 30 அடி இரண்டு தடவையில் சாய்க்கும். 10 கூட்டி 40 ஆக்கினாலும் அதே இரண்டு தடவைதான். கூட்டிய பத்து வீண். உயிரை 70 ஆக்குங்கள்: 30 என்றால் மூன்று தடவை, 40 என்றால் இரண்டு. இப்போதுதான் திணைக்கு மதிப்பு. கார்டு அட்டை 300 ஜிஎஸ்எம் இருந்தால் கலைக்கத் தோதாக இருக்கும். சாதாரண தாளில் அச்சடித்தால் பின்பக்கம் நிழல் தெரிந்து பிள்ளைகள் கள்ளாட்டம் ஆடுவார்கள்.

கேள்வி: 'இருபத்தெட்டு' என்ற சீட்டாட்டத்தில் என்னை வெல்ல ஆளில்லை. இந்த விளையாட்டு எனக்கு வருமா?
*வாசகர், திங்கள்சந்தை*

பதில்: ஜாக்கி 3, ஒன்பது 2, ஏஸும் பத்தும் ஒவ்வொன்று என்று விழுந்த சீட்டை மனதில் எண்ணும் பழக்கம் நன்றாகவே உதவும். எதிராளி எத்தனை ஓக் போட்டார், இன்னும் எத்தனை மிச்சம் என்பதெல்லாம் அதே எண்ணிக்கைதான். வித்தியாசம் என்னவென்றால் அங்கே 32 சீட்டும் எல்லாருக்கும் பொது, இங்கே டெக்கை நீங்களே கட்டிக்கொண்டு வரவேண்டும். கேட்டு விளிக்கும் துணிச்சலுக்கு இங்கே வேலையில்லை. துருப்பும் கிடையாது.

கேள்வி: சவூதியிலிருந்து வரும்போது பழைய போக்கிமான் கார்டு கேம் கேட்ரிட்ஜ் ஒன்று கொண்டுவந்தேன். ஆடினால் ஓடுகிறது, அணைத்தால் சேமித்தது போய்விடுகிறது. சில நேரம் திரையே வருவதில்லை.
*வாசகர், இனயம்*

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. சேமிப்பு அழிவது உள்ளே இருக்கும் காசு வடிவ 3 வோல்ட் லித்தியம் பேட்டரி தீர்ந்ததால். கேட்ரிட்ஜைத் திறக்க சாதாரண ஸ்குரூடிரைவர் ஆகாது, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி வகை ஸ்குரூடிரைவர் முனை வேண்டும். பேட்டரியின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, தகடு பற்றவைத்தே வரும் அதே எண் பேட்டரியை வாங்குங்கள். வெறும் பேட்டரியில் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். பழையதைக் கழற்றும்போது கூட்டல், கழித்தல் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் ரிப்பேர் கடையில் பத்து நிமிட வேலை.

திரை வராதது கடல் காற்றின் வேலை. கேட்ரிட்ஜின் அடியில் உள்ள இணைப்புத் தகடுகளில் உப்புப் பூத்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரம் இன்னும் அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, தகட்டின் நீளவாக்கில் தேய்த்து, ஐந்து நிமிடம் உலரவிட்டுப் போடுங்கள். பஞ்சு கருப்பாக வருவது நிற்கும்வரை தேய்க்கலாம், பச்சையாக வந்தால் அரிப்பு ஆழமாகிவிட்டது. வைக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சன்னல் ஓர அலமாரி வேண்டாம்.